வரவுப் பக்கம்

கடைக்கு ஓசியில் வந்த டைரி.
பம்புசெட் கம்பெனிக்காரன் கொடுத்தது,
போன வருடத்துக்கும் முந்தின வருடத்தது.
கிழமை எதுவும் பொருந்தாது.
செவ்வாய்க்கிழமை நடந்ததை
ஞாயிற்றுக்கிழமையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பகலெல்லாம் தெற்கு மாசி வீதியில்
ஆணிக்கும் தாழ்ப்பாளுக்கும் கணக்கெழுதுகிறவள்.
ராத்திரி பத்தரைக்கு, பாத்திரம் கவிழ்த்த பிறகு,
பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்து
இடப்புறம் மட்டும் தலைப்பிடுகிறேன்: வரவு.
செலவைத்தான் வீட்டில் எல்லோருமே சொல்லிவிடுகிறார்களே.

நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர், பதினோரு குடம்.
எதிர்வீட்டு ஜரீனா ஜன்னலைத் தட்டி எழுப்பினாள்.

நிலவரசிக்குக் காய்ச்சல் இறங்கியது.
நூற்றொன்று, தொண்ணூற்றொன்பது,
அதற்குப் பிறகு தெர்மாமீட்டரை யாரும் தேடவில்லை.

மூன்று மணிக்குப் போன கரண்ட்
மூன்றே காலுக்கே வந்துவிட்டது.
ஹரிஷ் போட்ட கூச்சலில்
ஜெய்ஹிந்துபுரமே சேர்ந்து கூச்சல் போட்டது.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன்.
ஊர் எல்லைப் பலகை மாதிரி இருந்தது,
அடுத்த வரியில் மீண்டும் வருக என்று வந்துவிடும் போல.
எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை.
சாப்ட்டியா இருக்கிறது.
வண்டிச் சாவி எடுத்தாச்சா இருக்கிறது.
அடித்துவிட்டு, சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன்.

இடமில்லை இடமில்லை என்று
மாதம் ஒருமுறை போன் அழும்.
மார்க்கெட் முனை ஸ்டூடியோவில் பிரிண்ட் ஒன்று பதினைந்து ரூபாய்.
அந்தப் பையன் ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்க்கிறான்.
'அக்கா, இது தெரியாம அமுக்கினதா?'
துடைத்த தரை. காய்வதற்குள் நடந்துபோன
நாலு பேரின் ஈரக்கால்.
அதுதான் வேணும் தம்பி.
'இதுல ஆளே இல்லியே?'
கொடியில் காக்கிச் சட்டை.
ஆள் இருக்கிறார், புதூர் டிப்போவில், டபுள் டூட்டி.
'பாப்பா முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கட்டா?'
கை வைக்காதே.
பவுடர் பாதி, மாவு பாதி அப்பின அந்தக் கருத்த கன்னத்துக்குத்தான்
பதினைந்து ரூபாய் தருகிறேன்.

வைகாசியில் ஐந்து பக்கம் காலி.
சீட்டுப் பணத்தில் சண்டை.
சோலையப்பன் பேசவில்லை. நானும்தான்.
பிள்ளைகள் இருவரும் தபால்காரர்கள் ஆனார்கள்:
'அப்பா குழம்பு கேக்குறாரு', 'அம்மா இருக்குங்குது.'
ஆறாம் நாள் காலை
சமையல் மேடையில் என் டிபன் பாக்ஸ்
கழுவிக் கவிழ்த்திருந்தது.
மூடி தனியே. அதன் ரப்பர் வளையம் தனியே.
அந்த வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டுமென்பது
எனக்கு மட்டுமே தெரியும் என்று
பதினான்கு வருடமாய் நினைத்திருந்தேன்.
கோபம் போகவில்லை.
கோபத்தோடேயே ஒரு படம் எடுத்தேன்.
எவர்சில்வரில் என் மூக்கு பூசணிக்காய் அளவு விழுந்திருக்கிறது.
அப்படியே ஒட்டினேன்.
டிக் மட்டும் மறுநாள்தான் போட்டேன்.

கடைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும்
ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடுகிறவள்,
இந்த டைரியை ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.
நேற்றுப் புரட்டினால்
காலியாய் விட்ட வலப்புறத்தில்
பென்சிலில் யாரோ தலைப்பிட்டிருக்கிறார்கள்: செலவு.
கீழே கோணல்மாணலாக,
'கோந்து வாங்குனது 10 ரூபா. அம்மா தரணும்.'

அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன்.
ஒரு பத்து ரூபாய்க் காசு, மஞ்சள் அப்பியது.
அவன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.
போன் சார்ஜில் கிடக்கிறது, அடுத்த அறையில்.
போய் எடுத்துவரலாம்தான்.
காசைக் கையில் வைத்துக்கொண்டு
சற்று நேரம் நின்றிருந்தேன்.