இருநூறில் ஒன்று

மூன்று கோடுகள் போடுவது என் வேலை.
இருபது நாள் சராசரி சிவப்பு,
ஐம்பது நாள் பச்சை,
இருநூறு நாள் கருநீலம்.

தெற்கு மினாஸில்
காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தின் மாடி அறை.
நியூயார்க்கில் நகரும் சென்ட்டை
இங்கே மூட்டைக்கு இத்தனை ரெயால் என்று பெருக்கிச் சொல்வேன்.
காலணியில் செம்மண்ணோடு படியேறி வருவார்கள்.
"தோனா இவோனெச்சி, விற்கலாமா?"

சிவப்பு நீலத்தைக் கீழிருந்து வெட்டினால்
பொறுங்கள்.
மேலிருந்து வெட்டினால்
இன்றே கையெழுத்துப் போடுங்கள்.
பதினேழு வருடமாக இதுதான் என் வாய்ப்பாடு.

நீலக் கோட்டை அவர்களுக்கு இப்படி விளக்குவேன்:
இருநூறு இருக்கைகள் உள்ள பேருந்து.
சாயங்காலம்தோறும் முன்வாசலில் ஒரு நாள் ஏறும்,
பின்வாசலில் மிகப் பழைய நாள் ஒன்று இறங்கும்.
எல்லோருக்கும் ஒரே டிக்கெட்.
கல்யாண நாளென்றோ கருமாதி நாளென்றோ
நடத்துனருக்குக் கிடையாது.

ஜூன் கடைசியில் ஓஸ்மார் பல்யரினி வந்தார்.
ஆர்எஸ்ஐ எழுபத்து நான்கு.
"சந்தைக்குக் காய்ச்சல்," என்றேன். "தணியும்.
அடுத்த வருடக் காய்க்கு இப்போதே விலை பேசிவிடுங்கள்."
இருநூற்று அறுபது மூட்டை.
இன்னும் மொட்டே வைக்காத பூவை
அவர் என் பேனாவால் விற்றார்.

எழும்போது சொன்னார்:
"எங்கள் நாய் இந்த வருடம் சீக்கிரமே
அடுப்படிக்குள் வந்து படுக்கிறது.
அதுதான் என் இண்டிகேட்டர்."
இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் அதிகமாக.

ஜூலையில் ஒரு செவ்வாய், விடியற்காலை நான்கு மணி.
குளிருக்குக் கால் உண்டு,
சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் உட்காரும்.
ஓஸ்மாரின் தோட்டம் பள்ளம்.
சூரியன் வந்தபோது இலைகள் கண்ணாடி.
பத்து மணிக்கு யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கின.

என் திரையில் அன்று ஒரு பச்சை மெழுகுவர்த்தி
கூரையை முட்டுகிற உயரம்.
எரியவில்லை. வெறுமனே நின்றது.
சிவப்புக் கோடு தலையைத் தூக்கிப் பார்த்தது.
நீலக் கோடு
அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தார்.
சத்தம் போடுவார் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.
தொப்பியை மடியில் வைத்து
நீலக் கோட்டைத் தொட்டார்.
"அந்த ராத்திரி இதற்குள் எப்போது வரும்?"
"வந்துவிட்டது."
"எங்கே?"
"இருநூறில் ஒன்று."
கொஞ்ச நேரம் கழித்து,
"எப்போது போகும்?"
"மே மாதம்."
தலையாட்டினார்,
மருத்துவரிடம் கேட்டுக்கொண்டவர்போல.

இல்லாத மூட்டைகளைக் கொடுக்க
ஒன்றரை மடங்கு விலையில் வாங்க வேண்டும்.
சங்கத்தின் வக்கீலோடு ஏழு முறை உட்கார்ந்து
இரண்டு வருடத் தவணை வாங்கினார்.
மரங்களை முழங்கால் உயரத்தில் அறுத்தார்.
நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை.
போயிருக்கலாம்.

மே மாதம் அந்த நாள் இறங்கியது.
சீஸ் ரொட்டி தின்றபடி கவனித்தேன்.
நீலக் கோடு
இமைமுடி அளவுக்குக்கூட அசையவில்லை.

அன்றுதான் நான்காவதாக ஒரு கோடு சேர்த்தேன்,
அடுக்குக்குறிச் சராசரி.
நேற்றை அதிகம் நம்பும்.
முந்தியதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும்,
ஆனால் யாரையும் இறக்கிவிடாது.
தொடங்கிய நாளின் ஒரு தூசாவது
கடைசி வரை உள்ளே இருக்கும்.
இதுவும் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லிவிடப் போவதில்லை.
எனக்குத் தெரியும்.

ஓஸ்மார் உர பில்லுக்காக மாடியேறி வந்தார்.
அறுத்த கட்டையில் ஏழெட்டுத் துளிர் வருகிறதாம்.
இரண்டை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டுமாம்.
"எந்த இரண்டு?"
"தள்ளித் தள்ளி நிற்கிற இரண்டு.
வேறென்ன தெரியும் எனக்கு?"

புதுக் கோட்டைக் காட்டவில்லை.
பில்லில் முத்திரை குத்தினேன்.
அவர் படியில் இறங்கும்போது எழுந்து போய்க் கேட்டேன்,
நாய் இப்போது எங்கே படுக்கிறது என்று.

"இன்றைக்கு வரைக்கும்
வாசலில்."