ஏழாவது லேன்

பி.கே.எம்.டூ என்றேன்.
டவுன் பஸ் நம்பரா என்றான் அண்ணன்.
ஸ்கேனுக்காக ஆறு மணி நேரம் வெறும் வயிறு.
ஓசூர் தாண்டும்போது பின்சீட்டில் யாரோ
வறுத்த கடலைப் பொட்டலம் பிரித்தார்கள்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊசியில் ஏற்றியது சர்க்கரைதான்,
மின்னுகிற அணு ஒன்று ஒட்டிய சர்க்கரை.
பசித்த செல் அள்ளி உள்ளே போடும்.
முதல் நொதி முத்திரை குத்தும்.
அதற்குப்பின் முன்னேயும் போகாது
பின்னேயும் வராது,
நின்ற இடத்தில் ஹெட்லைட் எரியும்.

வலது நுரையீரலில் ஒரு கூட்டம்.
இடுப்பெலும்பில் இரண்டு.

பதினொரு வருஷம்
ஒரே புரதத்தை உற்றுப் பார்த்தவள் நான்.
திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்குச் சொன்னேன்:
சர்க்கரை உடைந்துபோகும் பாதையின்
கடைசி வாசல் அது.
நாலு பேராகக் கைகோத்தால் வேகம்.
கட்டியில் அவை இரண்டிரண்டாகப் பிரிந்து
சோம்பி நிற்கின்றன.
வேகமாக வளர்கிற செல்லுக்கு
மெதுவான வாசல் எதற்கு?
இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு
டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

திம்மராயன்,
கிருஷ்ணகிரி டோல்கேட், ஏழாவது லேன்,
பத்தொன்பது வருஷ நைட் ஷிப்ட்,
யோசிக்கக்கூட இல்லை.

"மெஷின் படுத்துட்டா வண்டி நின்னுடும்னு நெனைக்கிறியா?
ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே
லாரிக்காரன் கீழ இறங்கிடுவான்.
ஏரிக்கரை, மண்ரோடு, தென்னந்தோப்பு.
இன்னிக்கு அந்த ரோட்டுல போய்ப் பாரு.
பஞ்சர் கடை, புரோட்டாக் கடை, மூணு மாடி லாட்ஜ்.
எல்லாம் எங்க கேட்டு மெதுவா இருந்ததால
கட்டினது."

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்,
நாற்பத்திரண்டு பக்கம்,
சூளகிரி மேம்பாலத்துக்குள் முடிந்துபோனது.
ஆமாம், அண்ணா.
தேங்கிய துண்டுகள் பக்கச் சாலையில் இறங்கி
ஒன்று மரபிழைக்குச் செங்கல்
ஒன்று சவ்வுக்குச் சாந்து
ஒன்று செரின்.

செரின்?

சின்னது. புரதத்தின் பக்கத்தில்
ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.
ஆனால் அதன் இடுக்கில் வந்து உட்கார்ந்தால்
பிரிந்தவை சேர்ந்து வாசல் திறக்கும்.
தீர்ந்துவிட்டால் மறுபடி மந்தம்,
மறுபடி வண்டிகள் கீழே இறங்கும்,
மறுபடி செரின் விளையும்.

"பக்கத்து ரோட்டுச் சரக்கே வந்து
கேட்டுக்காரன் கையில விழுது.
மாமூல்னு சொல்லு."

சிரித்தான். சிரிப்பு இருமலானது.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் சாக்கம்மா அண்ணி
மாம்பழக் கூடையைப் பரண்மேல் ஏற்றியிருந்தாள்.
இனிப்பை நிறுத்தினால் அது பட்டினியில் சாகுமாம்,
எதிர்வீட்டில் யாருக்கோ போனில் வந்ததாம்.
சாகாது அண்ணி.
குளுட்டமின் தின்னும்.
அதுவும் இல்லையென்றால் இவன் தொடையைக் கரைத்துத் தின்னும்.
இதை எப்படிச் சொல்வது?
ஸ்டூல் போட்டு ஏறி
நானே ஒரு செந்தூரா எடுத்தேன்.
கொட்டை வரை சப்பினான்,
முழங்கை வழி சாறு.

"அந்த ரெண்டை நாலாக்க மருந்து இல்லையா?"

இருக்கிறது. எலியில் வேலை செய்தது,
சில எலிகளில்.

"எலிக்கு சுங்கம் கிடையாது" என்றான்,
கையைத் துடைத்துக்கொண்டு.

அப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை.
சேலத்திலிருந்து சின்னவள் போன் பண்ணினாள்.
கரண்ட் போய் வந்தது.
மாடியில் பாய் விரித்தோம். மலைக்கு இந்தப் பக்கம்
கேட்டின் விளக்குகள் வரிசையாய்த் தெரிந்தன.
எண்ணிப் பார்த்து ஏழாவதைத் தேடினேன்,
இங்கிருந்து எல்லாம் ஒன்றுபோலத்தான்.

இரண்டு மணி இருக்கும்.
கீழே சாலையில் ஒரு லாரி
விடாமல் ஹாரன் அடித்தது.
தூக்கத்தில் அண்ணன் வலது கையை
வெளியே நீட்டினான்,
உள்ளங்கை மேலே பார்க்க,
சில்லறைக்கு.