தலைப்பலகை

மோண்டொன்யேதோ போகும் பேருந்தில்
கட்டிலின் தலைப்பலகைக்கும் அரை டிக்கெட் கேட்டார் ஓட்டுநர்.
கொடுத்தேன்.
பன்னிரண்டு வருடம் அதில் சாய்ந்து கிடந்தவள்
அரை டிக்கெட்டுக்கா கணக்குப் பார்ப்பேன்.

எலாடியோவின் பட்டறையில் குங்கிலிய வாசம்.
இந்த அக்ரூட் பலகையில்
எனக்கொரு சான்ஃபோனா செய்து தாருங்கள் என்றேன்.
அவர் பலகையைப் பார்க்கவில்லை.
உட்காரச் சொன்னார்.
அளவு நாடாவை எடுத்து
தோளிலிருந்து மணிக்கட்டு வரை,
முழங்காலிலிருந்து இடுப்பு வரை,
கடைசியாக மடியின் அகலம்.
எந்தத் தையல்காரரும் அளக்காத இடம்.
எண்களைச் சுவரிலேயே எழுதினார்.
பக்கத்தில்: மினியா, புரேலா, வலக்கை சற்றுக் குட்டை.

நாற்பத்தொரு வயதில்
முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன், குட்டை என்று.

பிறகுதான் பலகைக்கு வந்தார்.
விரல் மொளியால் தட்டினார்,
காது வைத்தார்,
நாயைப் போல மோந்து பார்த்தார்.
ஆகாது.
ஆணித் துளை, பழைய வார்னிஷ், போகட்டும்.
கட்டில் மரம் முனகிப் பழகியது, அம்மா.
அதற்கு வேறு பாட்டு ஏறாது.

நான் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
எங்கள் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும்.
சூரை மீன் பனிக்கட்டி மேல் வாய் பிளந்து கிடக்க
எண்கள் பலகையில் விழுந்துகொண்டே வரும்,
யாராவது பொத்தானை அமுக்கும் வரை.
அவருடைய ஆகாதும் இறங்கி வரும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.
இறங்கவில்லை.
அறுநூறு யூரோ முன்பணம் வைத்தேன்.
பலகையை மட்டும் திருப்பி எடுத்துப்போக
கை வரவில்லை.

பத்து மாதம் என்றார்.
பதினொன்றில் நான் கூப்பிட்டேன்.
சக்கரம் ஒரு மயிரிழை கோணல்.
பதினாறில் கூப்பிட்டேன்.
இரண்டாவது சக்கரமும்.
மயிரிழை யார் காதில் விழும், ஐயா?
உங்கள் காதில், முதல் வாரத்திலேயே
என்று வைத்துவிட்டார்.

நடுவில் அமாரோ கூப்பிட்டான்.
விவாகரத்துத் தாளில் விட்டுப்போயிற்றாம்,
தலைப்பலகை அவன் சித்தப்பாவுடையதாம்.
அது ஒன்றுக்கும் ஆகாத மரம்,
நிபுணர் சொல்லிவிட்டார் என்றேன்.
நெடுநேரம் பேசாமல் இருந்தான்.
சரி, மீன் என்ன விலை என்றான்.

பத்தொன்பதாம் மாதம் தபால் அட்டை வந்தது,
ஒரே வரி:
உங்கள் மடியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பேரி மர உடல், வெளுத்த மேல்தட்டு.
இடுப்பில் வாரைக் கட்டி அவரே இறுக்கினார்.
நரம்புகளில் சிட்டிகை சிட்டிகையாய்ப் பஞ்சு சுற்றினார்.
வைத்த இடத்தில் உட்கார்ந்தது,
நான் எழுந்தால்தான் அது எழும் என்பது போல.
சுழற்றினேன்.
முதலில் சுருதி நரம்பு ஒன்று கரகரத்தது,
பிறகு இன்னொன்று சேர்ந்தது,
பட்டறை ஜன்னல் கண்ணாடியும்
தன் பங்குக்கு அதிர்ந்தது.
கை வலிக்கவில்லை.
குட்டைக் கைக்கு
எட்டும் தொலைவில் இருந்தது வட்டம்.

கைப்பிடிக் குமிழ் மட்டும் கருப்பு.
கட்டை விரல் படும் இடத்தில்
மெழுகு அடைத்த ஆணித் துளை ஒன்று.

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
அந்த இடத்தில் ஒலி கிடையாது.
அதனால் போட்டேன்.

மீதிப் பலகை?
பசை காய்ச்ச எரித்துவிட்டேன்.
நன்றாக எரிந்தது.

ரசீதில் கடைசி வரி:
விறகுக்குக் கழிவு, நாலு யூரோ.
சிரிப்பதா என்று தெரியாமல்
எண்ணி வைத்தேன் மிச்சத்தை.

திரும்பும் பேருந்தில் அதே ஓட்டுநர்.
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்றேன்.
டிக்கெட் கேட்கவில்லை.

ஃபோஸ் தாண்டிக் கடல் தெரிந்தபோது
உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன்.
குங்கிலியம்.
அதற்கு அடியில், எத்தனை சோப்புக்கும் போகாத
சூரை மீன்.