ஏழரை மணி வண்டி

திதுபே நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் வண்டி
காலை ஏழரைக்கு.
ஏழரையா, என்று இழுத்தான் இளம்பரிதி.
சனி பகவானுக்கு ஜார்ஜியாவில் என்ன வேலை, ஏறு என்றேன்.
தூக்கம் கலையாத இரண்டு பிள்ளைகள், மூன்று பைகள்,
வாந்திக்கென்றே வாங்கிய பச்சை வாளி.

இந்த நாட்டில் அம்மாவுக்கு தேதா.
அப்பாவுக்கு மாமா.
மழலைப் பள்ளியில் சேர்ந்த பதினோராம் நாள்
நறுமுகை வாசலில் நின்று 'மாமா!' என்று கத்த,
என் தம்பி சொல்லாமல் வந்துவிட்டானோ என்று
இவன் தெருவை எட்டிப் பார்த்தான்.
எட்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட
அப்படிக் கூப்பிட்டதில்லை என்ற குறை
மூன்று வயதுக்காரியால் தீர்ந்தது.

சுரங்கப் பாதைக்கு மண் சோதிக்கும் வேலை எனக்கு.
அவன் என் விசாவின் வாலைப் பிடித்து வந்தவன்.
டயப்பரும் தக்காளி விலையும்
அவனுக்குத்தான் இந்த ஊர் மொழியில் தெரியும்.
எனக்குத் தெரிந்தது பாறைகளின் பெயர்.

பசனௌரி தாண்டியதும் ஆடுகள்.
சாலை முழுக்க, அழுக்கு மேகம் தரையிறங்கியதுபோல்.
வண்டி நின்றது. ஜன்னல் திறந்திருந்தது.
நடந்தது என்னவென்று
பதினேழு கொண்டை ஊசி வளைவு கழித்துத்தான் தெரிந்தது:
'ஆட்டுக்குட்டிக்கு ஷூ இல்லம்மா.
என்னுது குடுத்தேன்.'
சிவப்பு. இடது கால். மிதித்தால் குதிகாலில் விளக்கெரியும்.

போனால் போகட்டும் என்று சொல்ல
எனக்கு வார்த்தை தெரியவில்லை.
நுக்ஸார் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டு
பள்ளத்தின் விளிம்பிலேயே வண்டியைத் திருப்பினார்.
பதினோரு பேர் இறங்கித் தேடினார்கள்.
விடுப்பில் வீடு போகும் சிப்பாய்.
பாலாடைக்கட்டி மூட்டையோடு த்சியாலா.
கியர் பெட்டியை மடியில் பிள்ளைபோல் வைத்திருந்தவர்
அதை இளம்பரிதி கையில் கொடுத்துவிட்டுப் புதருக்குள் போனார்.
இடையன் ஒவ்வோர் ஆடாய் விசாரித்தான்
என்றே நினைக்கிறேன்.
நான் மன்னிப்பு மன்னிப்பு என்று
தெரிந்த ஒரே சொல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கிடைக்கவில்லை.
த்சியாலா தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி
நறுமுகைக்கு மாட்டினாள்.
தொடைவரை வந்தது.
ஒரு கால் வெறுங்காலாக அவள் மிச்ச மலையேறினாள்.

நான்கு நாள் மழை.
எதற்காக வந்தோமோ அந்தச் சிகரம்
ஒரே ஒரு விடியலில் இருபது நிமிஷம் தெரிந்ததாம்.
விழித்திருந்தவன் ஆதன் மட்டும்.
ஏன்டா எழுப்பவில்லை?
'பெரிசா இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு.'
ஆறு வயதின் பயணக் கட்டுரை அவ்வளவே.

திரும்பும்போதும் அதே வண்டி, அதே நுக்ஸார்.
முகமெல்லாம் பல்.
முன் கண்ணாடியில் சிலுவைக்குப் பக்கத்தில்
ஒரு ஷூ தொங்கியது.

நீலம்.
வலது கால்.
இரண்டு அளவு பெரிசு.

இளம்பரிதி என்னைப் பார்த்தான். நான் ஆதனைப் பார்த்தேன்.
'இது என்னுது இல்ல' என்றாள் நறுமுகை, சத்தமாக,
நல்லவேளை, தமிழில்.
மத்லோபா, மத்லோபா என்று சொல்லி
அந்த ஷூவை அவள் காலில் மாட்டினேன்.
நுக்ஸார் ஹாரனை நீளமாய் அடித்தார், ஒரு காரணமும் இல்லாமல்.

இப்போது திபிலிசியில், நான்காவது மாடியில்,
சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாய்
ஜன்னலோரம் ஒரு ஜோடி.
எந்த வளைவிலோ எந்தப் பிள்ளையோ
எந்த ஆட்டுக்குக் கொடுத்ததோ.

'என்னுதையும் மாமா கண்டுபிடிப்பாங்க' என்கிறாள்.
எந்த மாமா, என்று கேட்கிறான் இவன்,
வாளியைக் கழுவியபடி.