சத்தம் போடாதது

எம்.சி. ரோட்டில் மூன்றாவது கடை.
கண்ணாடிக் கெட்டிலைத்தான் முதலில் நீட்டினான்,
அடியில் நீல விளக்கு, மீன்தொட்டி மாதிரி.
எங்கள் தெருத் தண்ணி இரண்டே வாரத்தில்
அதற்கு வெள்ளையடித்துவிடும் என்றேன்.

அடுத்தது இரண்டாயிரம் வாட்.
போட்டால் மூணு போர்ஷனும் இருட்டு,
ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு வாசலில்.
இன்னொன்றின் மூடியைத் திறந்து மோந்தேன்:
புதுச்செருப்பு.
“டீ போட்டா போயிடும்க்கா.”
டீயும் போயிடும், தம்பி.

பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.
அடிபம்புத் தண்ணி, காசிமேட்டிலிருந்து
ஷேர் ஆட்டோவில் என் மடியில் வந்தது.
“கொதிக்க வை. கேக்கணும்.”
“பாக்கணும்னுதானே எல்லாரும் சொல்வாங்க?”

முதலாவது குழாயடிச் சண்டைபோல இரைந்தது.
இரண்டாவது, கொதித்ததும் ஐந்து முறை கூவியது,
ட்ரெய்லர் லாரி பின்னால் வருகிற அதே கூவல்.
இது வீட்டில் கூவினால்
டெல்வின் தூக்கத்திலேயே கையை ஆட்டுவான்:
வா, வா, வா,
ரைட்ல ஒடி,
நிறுத்து.
ஹார்பரில் ராத்திரி முழுக்க அவனுக்கு அதுதான் வேலை.

மூன்றாவது, உள்ளே முழுக்க எவர்சில்வர்.
பிடி அசிங்கம்.
கொதித்தது. க்ளிக்.
பல்லி ஒரே ஒருமுறை சொன்ன மாதிரி.
எண்ணூற்றி நாற்பது என்றான்,
நாற்பதை மறக்கச் சொன்னேன்.

காலை ஆறரை.
சாக்ஸைக்கூடக் கழற்றாமல் அவன் படுத்திருக்கிற
அதே அறையில் என் டீத்தண்ணி கொதிக்கிறது.
கை ஆடவில்லை.
மூணு மணிக்கு எழுந்து காப்பித்தூளைத் தேடுவான்,
ஒரு டம்ளர் அளவு உள்ளேயே விட்டுவிட்டு
செருப்பை வெளியே போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

ஊற்றும்போது வாய் கொஞ்சம் சிந்துகிறது.
சிந்தட்டும்.