கிராபிட்

மெத்தில் துறைமுகத்தின் பின்தெருவில்
காசு போட்டால் துணி துவைக்கும் கடை.
ஸ்காட்லாந்துக் கடல் உப்பு ஏறிய கண்ணாடிக்குள்
எட்டு இயந்திரங்கள்.
நான்காவது மட்டும் மனசு வந்தால் ஓடும்.
அதன் நெற்றியில் ஓர் அட்டை,
அட்டையில் ஒரே சொல்: கிராபிட்.
பழுது என்று பொருளில்லை.
ஒன்பது மணிக்கு மேல் ஓடும்,
ஓர் உதை வாங்கினால் ஓடும்,
கம்பளிக்கு மட்டும் யார் கெஞ்சினாலும் ஓடாது.

அகராதி அந்தச் சொல்லை
'சிடுசிடுப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடும்.
அகராதிக்குத் துவைக்கத் துணி இல்லை.

பல் முளைக்கும் குழந்தை கிராபிட்.
தேநீருக்கு முந்தைய எவரும் கிராபிட்.
ஏப்ரலிலும் காதைக் கடிக்கும்
கிழக்குக் காற்று கிராபிட்.
சில்லறை உண்டா என்று கேட்குமுன்பே
இல்லை என்கிற பேருந்து ஓட்டுநர்
பிறக்கும்போதே கிராபிட்.
கணவனைச் சொன்னால் அலுப்பு.
மாமியாரைச் சொன்னால் வழக்கு.
பூனையைச் சொன்னால் கொஞ்சல்.
தன்னையே சொல்லிக்கொண்டால்
மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி யாரும் நோண்டக் கூடாது.
இரவுப்பணிக்குக் கூடுதல் கூலி கேட்ட செவிலியை
மேலதிகாரி அப்படிச் சொன்னால்
அது வேறு சொல்,
அதே எழுத்துகள்.

சொல்லின் வயிற்றில் ஒரு நண்டு இருக்கிறது.
நேரே வராது, ஒருக்களித்து வரும்,
வந்ததைக் கடித்த பிறகுதான் சொல்லும்.
நம் முசுடுக்குள் எறும்பு இருப்பதுபோல:
மாவிலையைத் தைத்துக் குடியிருந்துகொண்டு
கிளையைத் தொட்டவன் கழுத்தில் இறங்கும் சிவப்பெறும்பு.
எரிந்து விழுகிறவரைப் பார்த்து
எந்த ஊரிலும் சின்னப் பிராணிதான் நினைவுக்கு வருகிறது.
புலி என்றால் பயந்தாக வேண்டும்.
நண்டென்றால் சிரித்துக்கொண்டே
விரலை மட்டும் பத்திரப்படுத்தலாம்.

அட்டை ஒட்டாமலே அந்தக் கடையின் கிராபிட்
இஷ்பெல் கெடெஸ்.
சோப்புத்தூள் அளவு மீறினால் ஒரு சொல்.
பையில் நாணயம் மறந்திருந்தால் இரண்டு.
மீன் லாரி வாட்டி ரென்னியின் மேலங்கிக்கு
முழு வாக்கியம், கதவை அகலத் திறந்தபடி.
ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் தந்த கோப்பையில்
அச்சொல் பெரிதாக அச்சாகியிருந்தது.
'எழுத்து கோணல்' என்றாள்.
அன்றிலிருந்து அதில்தான் குடிக்கிறாள்.

மார்ச்சில் புதுப் பல்செட் கட்டினாள்.
அது மேலுதட்டைத் தூக்கிவிட்டது,
இரண்டு ஓரத்திலும், சமமாக.
ஈறு வலியில் பேச்சும் நின்றுபோனது.
ஒன்பது நாள் இஷ்பெல்
வருகிற எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

தெரு கலங்கிப்போனது.
கடையை விற்கப்போகிறாள் என்றது ரொட்டிக்கடை.
தபால்காரி கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.
விடுதிப் பையன்கள் யாரும் சொல்லாமலே
உலர்த்தியின் பஞ்சைத் துடைத்தெடுத்தார்கள்.
வாட்டி தன் மேலங்கியை
வீட்டுத் தொட்டியில் ஒருமுறை அலசிவிட்டுக்
கடைக்குக் கொண்டுவந்தான்.
'நான் ஏதாவது செய்துவிட்டேனா?'
என்று மெதுவாகக் கேட்டான்,
நான்காவது இயந்திரத்திடம்.

பத்தாம் நாள்
பல்செட் கோப்பைக்குள் கிடந்தது,
சொல்லுக்குப் பல் முளைத்ததுபோல.
பொக்கை வாயோடு இஷ்பெல் நிமிர்ந்தாள்.
'லாரியை என் வாசலை அடைத்து நிறுத்தினால்
ஜனங்கள் எப்படி உள்ளே வருவது,
உன் தலைமேல் ஏறியா?'
பாதி மெய்யெழுத்துகள் காற்றாய்ப் போயின.
விளங்க வேண்டியது விளங்கியது.

வாட்டி ஓடினான், காலணி நாடா அவிழ்ந்ததும் தெரியாமல்.
லாரியை நகர்த்துமுன்
ரொட்டிக்கடைக் கதவில் தலையை நீட்டிச்
செய்தி சொன்னான், ஒரே சொல்லில்.
மாவுக் கையோடு உள்ளே யாரோ கேட்டார்கள்:
'எது, காற்றா? அவளா?'
'இரண்டும்' என்றான்,
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.