மடியில் இரண்டு

முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்கால், கடைசி மடை.
இரவு ஒன்று நாற்பது. பரணில் நான்.
கதிர் முற்றிவிட்டது.
இன்னும் ஒன்பது நாளில் வெட்டு மெசின் வரும்.

மடியில் இரண்டு யானைவெடி,
வனசீவராசிக் கந்தோரில்
கையெழுத்து வைத்து வாங்கினது.
போனில் இரண்டு ராசா.
ஒன்று கலாவரை, மற்றது ஆட்டின்.

இருநூற்று இருபத்தொரு கைக்கு ஒருக்கால்
ராசா சோடியாக வரும் என்பது கணக்கு.
எனக்கு மூன்று கிழமையாக வரவில்லை.
பதினைந்து சதம் ஏற்றினேன்.
நாலு பேர் போனார்கள்,
ஒருவன் நின்றான்.
பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஒட்டகப் படம்.
எந்த நாடோ, அங்கே இப்போது பகலோ.

நடுவில் மூன்று சீட்டு விரிந்தது:
இஸ்கோப்பன் ஜாக், இஸ்கோப்பன் பத்து,
ஆட்டின் ஒன்பது.

முந்நூற்று நாலில் இது பெருங்கை.
முப்பது, பத்து, இருபது.
மழைக்குத் தவகீதன் வீட்டில்
விளையாடும்போது வந்திருந்தால்
துள்ளி எழும்பிக் கேட்டிருப்பேன்.
அந்த ஆட்டத்தில் ராசாவின் பெறுமதி மூன்றே மூன்று,
அவனை நம்பி ஒருத்தரும் கேட்பதில்லை.
இந்த இரண்டு சத, ஐந்து சத மேசைக்கு வந்துதான்
அவனைக் கும்பிடப் பழகினேன்.

முப்பது சதம் போட்டேன்.
ஒட்டகம் யோசிக்கவே இல்லை.
ஓம் என்றது.

அப்போதுதான் கேட்டது,
கேட்கவில்லை என்பது.
மின்வேலிப் பெட்டியின் டிக், டிக்
எப்போது நின்றதென்று தெரியாது.
காட்டுக்கரையில் ஒரு மரம்
கம்பியின் மேல் மெல்லச் சாய்கிற சத்தம்,
யாரோ தாரை வார்ப்பதுபோல் அவ்வளவு பக்குவமாக.

நாலாவது சீட்டு: இஸ்கோப்பன் எட்டு.
எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்.
ஒரு ராணி போதும் அவனுக்கு,
ஓர் ஏழு போதும்,
கறுப்பில் இரண்டு இஸ்கோப்பன் போதும்.
ஒட்டகம் தன்னிடம் இருந்த முழுவதையும்
முன்னுக்குத் தள்ளியது.
எனக்குப் பதினைந்து செக்கன்.

டோர்ச் அடித்தேன்.
முதலில் ஒரு முதுகு.
மடிக்குள் கை போனது.
பிறகு பின்னால் ஒரு காது, ஒரு காது,
நடுவில், வயிற்றின் கீழ்,
ஒரு சின்னக் கால்.

போன காலபோகம் பேராற்றுப் பக்கம்
குட்டியோடு நின்றதுக்கு ஒருத்தன் வெடி எறிந்தான்.
விடிய
பரணின் தடிகளைத்தான் பொறுக்கினோம்.

ஏழு செக்கன்.
ராசாக்கள் அப்படியே இருக்கிறார்கள்,
தாடி கலையாமல்,
கிடைத்த நேரம் எவ்வளவு வடிவாக இருந்தார்களோ
அவ்வளவு வடிவாக.
அதுதான் கரைச்சல்.
இரண்டும் ஏழுமாக வந்திருந்தால்
எப்பவோ எறிந்துவிட்டு
வேலியைக் கவனித்திருப்பேன்.

மூன்று செக்கன்.
மடியிலிருந்து கையை எடுத்தேன்.
அதே கையால்
சீட்டையும் விட்டேன்.
டோர்ச்சை அணைத்து, பரணில் குப்புறக் கிடந்து,
என்ர நெல்லை அவை சப்புகிற சத்தத்தைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
மாரிமழை பெய்கிறதுபோல் ஒரே சீர்.

ஒட்டகம் தன் கையைக் காட்டவில்லை.
காட்டாது. காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை.
ராணியோ, ஏழோ,
வெறும் நெஞ்சழுத்தமோ,
ஒரு நாளும் அறியமாட்டேன்.
நாற்பத்தைந்து சதம் போனது.

வயல் காட்டியது.
விடிந்ததும் வரம்பில் பெரிய அடி ஆறு சோடி,
சேற்றில் சறுக்கி விழுந்து எழும்பின
சின்ன அடி ஒன்று.
கால் ஏக்கர் தின்றது, கால் ஏக்கர் மிதித்தது.
தவகீதன் இடுப்பில் கை வைத்துப் பார்த்தான்.
"பேந்தேன் வெடி வைச்சிருந்தனீ,
திருவிழாவுக்கோ?"

வாய் திறக்கவில்லை நான்.
மடியை அவிழ்த்தேன்.
இரண்டும் பனியில் நமுத்து
திரி கறுத்துக் கிடந்தன.
பற்றவைத்திருந்தால் வெடித்திருக்குமோ,
சும்மா புகைந்திருக்குமோ.
வரம்பில் வெயிலுக்கு வைத்துவிட்டுப்
போனைத் திறந்தேன். சார்ச் நாலு வீதம்.

அந்த ஒட்டகம்
இன்னும் மேசையில் இருந்தது.